ஹெட்லைட்டுக்குப் போட்ட புளி

கொழும்பு
12-7-1955

அன்புள்ள பிரகதாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ஜவுளிக்கடையில் தலைக்கு மேல் வேலை.

கார் விஷயம். ஷெட்டுச் சாவி உன்னிடம் மட்டும் இருக்கட்டும். "ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன் அக்கா" என்று உன் தம்பி வீரய்யா இளிப்பான், கொடுத்துவிடாதே. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது எனக்கென்று விட்டுப்போன எம்.ஜி. கார் அது. அந்த மாதிரி ஹெட்லைட் நம் ஜில்லாவிலேயே கிடையாது.

மாதம் ஒரு தடவை விளக்கு வளையத்தின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்து. வளையம் கழன்று வரும். கண்ணாடியைப் பதனமாக எடுத்து என் பழைய மல்வேட்டியால் துடை. ரப்பர் பட்டையை மறுபடி ஒழுங்காக உட்காரவை, இல்லாவிட்டால் ஈரம் நுழையும். உள்ளே கிண்ணம்போல் பளபளக்கிறதே, அதில் மட்டும் கை வைக்காதே. வாயால் ஊது, போதும்.

பொங்கலுக்கு வருகிறேன். உன்னைக் காரிலேயே மதுரைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னதை மறக்கவில்லை.

அன்புடன்,
கண்ணுசாமி


இலுப்பூர்
3-8-1955

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு மூன்று வரி, மீதியெல்லாம் ஹெட்லைட்டுக்கு. கண்ணாடிக்கு ஈரம் ஆகாது என்று கவலைப்படுகிறீர்களே, நீங்கள் போன மறுவாரமே நான் காய்ச்சலில் கிடந்தேன். அதைக் கேட்க ஒரு வரி இல்லை. போகட்டும், காருக்கு மாமியார் இல்லை, எனக்கு இருக்கிறார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள்.

சொன்னபடியே கழற்றித் துடைத்தேன். பக்கத்து வீட்டுச் சிநேகிதி சின்னப்பிள்ளை எட்டிப் பார்த்து, "மூஞ்சி கழுவி விட்டாச்சு, பொட்டு வச்சு சடை பின்ன வேண்டியதுதானடி பாக்கி?" என்று கேலி பேசுகிறாள். பேசிக்கொள்ளட்டும்.

நார்த்தாமலைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மேல்மூடியைத் திறந்துவிட்டு ஓட்டியதில் என் தலைப்பூ முழுக்கப் பறந்துபோய்விட்டது. "ரெண்டு பேர் உட்கார்ற கார் எதுக்குங்க, பிள்ளை பிறந்தா எங்கிட்டு உட்காரும்?" என்று கேட்டேன். "ஒன் மடியில உட்காரும்" என்றீர்கள். துடைக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொண்டு எனக்கு நானே சிரிக்கிறேன். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
பிரகதா


இலுப்பூர்
30-11-1955

அன்புள்ள அத்தானுக்கு,

திட்டக்கூடாது. முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஐப்பசி மழை ஷெட்டுக்குள் அடித்து, விளக்கின் உட்கிண்ணம் கறுத்துவிட்டது. ஊதி ஊதிப் பார்த்தேன், தொண்டை வறண்டதுதான் மிச்சம். நேற்றுத் திருக்கார்த்திகை. வீட்டு விளக்கையெல்லாம் முற்றத்தில் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். இதுவும் விளக்குத்தானே, இது மட்டும் என்ன பாவம் செய்தது என்று அந்த இரண்டு கிண்ணத்தையும் கழற்றி வந்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தேன். அடடா, பொன் மாதிரி மின்னியது! சந்தனப் பொட்டும் வைத்தேன்.

சாயங்காலம் வீரய்யா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "கெடுத்தியேக்கா! மேல இருந்தது வெள்ளி முலாம். தேய்ச்சுத் தேய்ச்சு உள்ளேயிருந்த பித்தளையக் கொண்டாந்துட்டியே!" என்கிறான். மாட்டி, விளக்கைப் போட்டுப் பார்த்தோம். மஞ்சள் மஞ்சளாக, வாசலைத் தாண்டி வெளிச்சம் போகவில்லை.

நீங்கள் வரும்போது பளிச்சென்று இருக்கவேண்டும் என்றுதான் செய்தேன் அத்தான். இராத்திரி முழுக்க அழுகை. வந்து நாலு அடி வேண்டுமானாலும் அடியுங்கள். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
பிரகதா


கொழும்பு
14-12-1955

பிரகதாவுக்கு,

கடிதம் பார்த்தேன். படித்துப் படித்துச் சொன்னேனே, கை வைக்காதே என்று! குத்துவிளக்குக்கும் கார் விளக்குக்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் சாவியைக் கொடுத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இனி அதைத் தொடாதே. நம் கடையில் இருக்கும் வல்லத்திராக்கோட்டைத் திருப்பதி பங்குனியில் வருகிறான். கிண்ணங்களைத் திருச்சிக்குக் கொண்டுபோய் முலாம் பூசி, காரைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்துவிடுவான். பர்மிட் வாங்கியாகிவிட்டது. கடைக் காரியத்துக்கு இங்கே கார் தேவைப்படுகிறது.

பொங்கலுக்கு வர இயலாது.

கண்ணுசாமி


இலுப்பூர்
2-1-1956

அன்புள்ள அத்தானுக்கு,

திட்டினீர்கள், சரி. நான் செய்ததும் தப்புத்தான். ஆனால் காரைத்தானே கெடுத்தேன், என்மேல் ஏன் இவ்வளவு கோபம்?

கார் இங்கே இருக்கிறவரை நீங்கள் எப்படியும் வந்துவிடுவீர்கள் என்று இருந்தேன். அதையும் கூப்பிட்டுக்கொண்டால் இந்த ஊரில் உங்களுக்கு என்ன இருக்கிறது? கொண்டுபோவதென்றால் பக்கத்துச் சீட்டில் என்னையும் உட்காரவைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கடைக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் இருக்கிறேன்.

சரி என்று ஒரு வரி எழுதுங்கள். பெட்டி கட்டி வைத்துவிட்டேன்.

உங்கள்
பிரகதா


இலுப்பூர்
20-3-1956

திரு. கண்ணுசாமி அவர்களுக்கு,

உங்கள் பேரை இதுவரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதில்லை. உறைமேல் விலாசம்கூட வீரய்யாதான் எழுதுவான். இன்றைக்கு எழுத வேண்டி வந்துவிட்டது.

அந்த ஒரு வரி வரவில்லை. திருப்பதி வந்தான். இலை போட்டுச் சோறு பரிமாறினேன். சாப்பிட்டுக்கொண்டே, "போட்டோவுல பாத்ததுலேருந்து சின்னவருக்கு இந்தக் கார் மேலதான் உசுரு. 'அப்பா கார் எப்ப வரும்'னு ஒரே நச்சரிப்பு" என்றான். எந்தச் சின்னவர் என்று கேட்டேன். அவன் கை இலையிலேயே நின்றுவிட்டது. எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டானாம், பாவம். அவனை வையாதீர்கள். மிச்சத்தை நான்தான் கேட்டு வாங்கினேன். பள்ளிக்கூடம் போகிற வயசாமே பிள்ளைக்கு. அப்படியானால் நாம் நார்த்தாமலைக்குப் போவதற்கு முன்பே அவன் பிறந்திருக்கிறான். என் மடியைச் சொன்னீர்களே, எப்படி ஐயா மனசு வந்தது?

மாமியாரிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மூன்றாம் நாள் திருப்பதி திருச்சிக்குக் கிளம்பினான். முலாம் பூசுகிறவருக்கு வெள்ளி வேண்டும், அங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்றான். வேண்டாம் என்று என் கால் மெட்டி இரண்டையும் கழற்றிக் கொடுத்தேன். நீங்கள் குனிந்து போட்டுவிட்டது. விரல் பருத்து, இறுகிப்போய்க் கிடந்தது. எண்ணெய் விட்டுத்தான் கழற்ற முடிந்தது. "அண்ணி, வேணாம்ங்க" என்று அவன் அழுதுவிட்டான். நான் அப்போது அழவில்லை, இப்போது அழுதுகொண்டேதான் எழுதுகிறேன்.

நேற்றுக் கிண்ணம் வந்தது. உள்ளே கை படாமல் நானே மாட்டினேன். கண்ணாடி துடைத்து, ரப்பர் பட்டை உட்காரவைத்து, திருகாணி முடுக்கியிருக்கிறேன். வெளிச்சம் பழையபடி நாலு வீடு தாண்டி விழுகிறது. கார் இன்று காலை போய்விட்டது. நான் என் அப்பா வீட்டுக்குப் போகிறேன். ஷெட்டுச் சாவி உங்கள் அம்மாவிடம் இருக்கிறது.

இனி அங்கே அதைத் துடைக்கப் போகிறவளுக்கும் கார்த்திகை வந்தால் விளக்குத் துலக்கும் வழக்கம் இருக்கும். உள்கிண்ணத்துக்கு மட்டும் புளி போட வேண்டாம் என்று சொல்லிவைக்கவும். வாயால் ஊதினால் போதும்.

ஆத்மநாதன் மகள்
பிரகதாம்பாள்