ஆளுக்கு ஒரு காது

மகனுக்கு,

ஆமாண்டா, உன் புது ஆல்பத்தைத் தகரக் கூரையில மழை பெய்யற மாதிரி இருக்குன்னு சொன்னது நான்தான். அதுக்காக ஒரு மாசமா போன் பண்ணாம இருப்பியா? கிண்டல் பண்ண ஆளில்லாம எனக்கு வீடே அலுத்துப் போச்சு.

அன்னைக்கு உங்கம்மாவும் நானும் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதுல மாட்டிக்கிட்டோம். எனக்கு வெறும் டிரம்ஸும் கிட்டாரும்தான் கேட்டுச்சு. அவ கண்ணைத் துடைச்சா. "இந்த இடிக்கெல்லாமா அழுவ?"ன்னு சிரிச்சேன்.

நேத்து மத்தியானம் அவ தூங்கறப்ப ரெண்டு காதுலயும் நானே மாட்டிக்கிட்டேன். உங்கம்மா மாட்டியிருந்த பக்கத்துல அவ உனக்குப் பாடின தாலாட்டை நீ பாடறே! அத்தனை மழைக்கு நடுவுல அது நனையாம நடந்து போகுது. பாதிப் பாட்டைக் கேட்டுட்டு உன்னை முழுசா ஏசிட்டேண்டா.

இதுவரைக்கும் எழுதினதை அவகிட்ட படிச்சுக் காட்டினேன். அடுத்து உன்கிட்ட மன்னிப்பு கேக்கப் போறேன்னு சொல்றதுக்குள்ள, "அப்ப நானும் பாதிதான் கேட்டேனா?"ன்னு இயர்போனைப் புடுங்கிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அந்த மன்னிப்பு இன்னும் என் வாயிலயே நிக்குது. போன் பண்ணு. நீயாவது முழுசாக் கேளு.

இப்படிக்கு,
உன் ஒத்தைக் காது அப்பன்