செங்கலடிக் கடையில் உங்களுக்குப் போட்ட இலை

வசந்தியின் அப்பாவுக்கு,

இருக்கும் இடத்தில் வயிறு குளிர இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் நான் பார்க்கவில்லை, நான் கேட்கவில்லை என்று கையை விரிக்கக் கூடாது. உங்கள் மகள் வசந்தி. மருமகன் குகன். பேத்தி தர்சினி. உங்கள் தங்கச்சி நேசம். நான் கலியாணம் முடித்து ஆக்கிய முதல் சோற்றைக் குழைசோறு என்று ஊர் முழுக்கச் சொன்ன அதே நேசம். சாப்பாட்டுக் கடைக்காரி பரிமளம். பக்கத்து மேசையில் ஏறாவூர்ப் புடவை வியாபாரி ஒருவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் விதத்தில் எல்லோரும் காக்கா என்றார்கள், நானும் காக்கா என்றேன். பிறகு நான். நீங்கள் தண்ணீர்ச் செம்பில் சாய்ந்தபடி, கண்ணாடி போட்ட படத்துக்குள் இருந்தீர்கள்.

வருசம் திரும்பிய உங்கள் முதலாவது ஆட்டைத் திவசத்தைக் கடையில் வைத்துச் செய்வேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வசந்தி வீட்டில் தரைக்கு ஓடு பதிக்கிறார்கள். சமைக்கிற குசினி முழுக்கச் சீமெந்துப் புழுதி. பின்வளவில் நம் சின்ன வீட்டில் எல்லோரும் இருக்க இடம் போதாது. "அம்மா, சந்தியில ஒரு கடை இரிக்கி. மீன் சாப்பாடு நல்லமாம். ஒரு பக்கத்த நமக்கெண்டு தருவாங்களாம்" என்றாள்.

"செத்த மனிசனுக்குக் கடையிலயா புள்ள இலை போடுற?"

"மாமாக்கும் ஒரு மாறுதலா இரிக்கும், மாமி" என்றார் மருமகன்.

மாறுதல்! அந்தச் சொல்லை அப்போது நான் சும்மா விட்டுவிட்டேன்.

ஆனாலும் கையை வீசிக்கொண்டு போகவில்லை. பின்வளவு அடுப்பில் உங்களுக்கு வழக்கமாக ஆக்கும் பூசணிக்காய்க் கறியை ஆக்கி, தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டேன். உப்பில்லாமல். உங்களுக்குப் பிரசர் என்று கிளினிக்கில் சொன்ன நாளில் நம் வீட்டு உப்புப் பரணியை வசந்தி வீட்டுக்கு அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? பின்வளவுச் சின்ன வீட்டில் நாம் இரண்டு பேர், ஒரு பானை. உங்களுக்கு மட்டும் உப்பை நிறுத்தினால் உங்கள் மனம் சுண்டிப்போகும் என்று நானும் நிறுத்தினேன். நாக்கை ஏமாற்றக் கொறுக்காய்ப் புளி போட்டேன், மிளகு போட்டேன், தேசிக்காய் பிழிந்தேன். நீங்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு, "போதும்" என்பீர்கள். அந்த ஒரு சொல்தான். என்ன பொறுமையான மனிசன் என்று நான் உருகிப்போவேன். நீங்கள் போன பிறகும் நான் உப்பைத் தொடவில்லை.

கடை பதுளை வீதிப் பக்கம். நாலைந்து மேசை, தட்டித் தட்டிச் சுற்றும் ஒரு காற்றாடி, பின்னால் கை கழுவ ஒரு தொட்டி. முதலில் பீங்கானில் லஞ்ச் சீற் என்கிற பொலித்தீன் தாளை விரித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். "இது திவசம். வாழையிலை வேணும்" என்றேன். கடைக்காரி முகம் கோணாமல் பின்னால் போய்ப் பச்சை இலையாக வெட்டிக் கழுவிக்கொண்டு வந்தாள். கெட்டிக்காரிதான். அதையும் நான் மனசில் குறித்து வைத்துக்கொண்டேன், நல்ல கணக்கில் அல்ல.

அவள் அழகியாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். பருத்த உடம்பு, தோளில் ஈரத் துவாய், ஒரு காது உடைந்து நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. என் வயதுக்குப் பத்துக் குறைவாக இருக்கலாம். பொறாமைப்பட ஒன்றுமே இல்லை என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

இலையில் என் பூசணிக்காயை வைத்தேன். அவள் சோற்றுத் தட்டோடு வந்தாள். செம்பைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள்.

"ஐயோ! இது எங்கட போடியார் எல்லுவா?"

வயல்காரர் என்றால் ஊருக்கே போடியார்தான், அது பரவாயில்லை. ஆனால் எங்கட! எத்தனை இலேசாக வந்தது அந்தச் சொல் அவள் வாயில்.

"ஆளக் காணல்ல, காணல்ல எண்டு பாத்திட்டு இருந்தன். என்னமோ என்னோட கோவிச்சிட்டாரு எண்டெல்லோ நினைச்சன்!" துவாயில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். திவசத்தில் முதலில் அழ வேண்டியவள் யார்? நான் வாயைத் திறப்பதற்குள் என் அழுகையையும் அவளே அழுது முடித்துவிட்டாள்.

"அப்பா இஞ்ச வாறவரா?" என்று கேட்டாள் வசந்தி.

"செவ்வாய்க்கிழமை தப்பாது, தங்கச்சி. வட்டையப் பாத்திட்டு வாற வழியில வருவாரு. அந்தா, அந்த மூலைக் கதிரைதான். வேற ஆக்கள் இருந்தா எழும்பும் வரைக்கும் வாசல்ல நிப்பாரு."

செவ்வாய்க்கிழமை. வயல் பார்க்கப் போகும் நாள். வந்ததும் "பசி இல்ல, புள்ள" என்று பாயில் சரிவீர்கள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பீர்கள். வெயிலில் நின்ற களைப்பு என்று நான் விசிறியிருக்கிறேன். வெற்றிலை போடாத மனிசன் அன்றைக்கு மட்டும் வாய் சிவக்க வருவீர்கள். குத்தகைக்காரன் தந்தான் என்பீர்கள். மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை முருங்கையிலைச் சொதி வைத்து, ஆறிவிடாமல் சாம்பல் சூட்டில் வைத்துக் காத்திருந்தேன். அது என்ன ஆயிற்று தெரியுமா? மறுநாள் காலையில் நான் குடித்தேன்.

பரிமளம் உள்ளே ஓடினாள். வாவி நண்டுக் கறி, ஓரா மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பால்க்கறி என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நண்டில் காலை மட்டும் பொறுக்கி வைத்தாள். சோற்றைக் குவிக்காமல் பரத்தி, நடுவில் குழி செய்து கறி ஆணத்தை விட்டாள். நீங்கள் சாப்பிடும் விதம் அது. என் வீட்டில் நான் மட்டும் பார்த்த விதம் என்று இருந்தேன். கடைசியாக இலையின் தலைப்பில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தாள்.

"அந்த இலைக்கு உப்பு வைக்காதீங்க" என்றேன். "அவருக்கு உப்பு ஆகாது."

அவள் கை அப்படியே நின்றது. "ஓ… அந்த அம்மா நீங்களா?"

"எந்த அம்மா?"

"இல்ல, ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததுக்கு ஏன் சிரிப்பு வருது? சொல்லுங்க."

பக்கத்து மேசைக் காக்கா பிளேன்ரீயைக் கீழே வைத்தார். "கோவிக்கப்படாது, உம்மா. போடியார் சொல்ற ஒரு பகிடி. 'டொக்டர்ர கிளினிக் மாசத்துக்கு ஒருக்கா. எங்கட வீட்டுக் கிளினிக் மூணு நேரமும்' எண்டுவாரு. சொல்லிப்போட்டு, அந்தப் பொரியல இஞ்சால தள்ளு எண்டுவாரு. கடையே குலுங்கும். அவரு இல்லாத செவ்வாய்க்கிழமை கடையில சத்தமே இல்ல, என்ன பரிமளம்?"

நேசம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணன் சின்னனிலேயே உப்புக்கல்லுக் களவெடுக்கிற ஆளு, மச்சாள். நீங்க ஏன் அவரக் கட்டிப்போடப் பாத்தீங்க?" வசந்தி சிரித்தாள். மருமகன்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

நண்டைக் கூட நான் பொறுத்திருப்பேன். பசித்த மனிசன் கடைக்குப் போனார், ஒருத்தி போட்டாள், தின்றார். ஆனால் கதை? கடை குலுங்குகிற அளவுக்கு உங்களிடம் கதை இருந்ததா? எனக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு "போதும்". அங்கே போய் ஊரே சிரிக்கப் பகிடி. அந்தப் பகிடி நல்ல பகிடி, வசந்தியின் அப்பா. என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். என்னைப் பற்றியதுதானே? முதல் உரிமை எனக்கில்லையா? காற்றாடியைப் பார்த்தேன், அந்த மூலைக் கதிரையைப் பார்த்தேன், ஏறாவூர்க் காக்காவின் பிளேன்ரீக் கோப்பையைப் பார்த்தேன். எல்லாமே உங்கள் பகிடியைக் கேட்டவை. ஒரு கோப்பையைப் பார்த்து எரிச்சல்படும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

கற்பூரம் காட்டி முடிந்ததும், உங்கள் இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் பின்மதிலில் காகத்துக்கு வைத்தோம். என் பூசணிக்காயை முன்னுக்கும் அவள் நண்டையும் மீனையும் பின்னுக்கும் நானே வைத்தேன். காகம் வந்தது. நான் கூப்பிட்டால் அரை நாள் இழுத்தடிக்கும் காகம், அவள் கடை மதிலில் கா என்பதற்குள் வந்தது. பூசணிக்காயைத் தாண்டிப் போனது. மீனைத் தூக்கியது, விழுங்கியது, அடுத்ததைத் தூக்கியது. பூசணிக்காயை ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. பார்த்ததோடு சரி.

"அப்பா வந்திட்டாரு" என்று வசந்தி கண்ணைத் துடைத்தாள்.

"ஓம். வந்ததையும் பாத்தன், என்னத்த எடுத்தாரு எண்டதையும் பாத்தன்" என்றேன்.

பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். பரிமளம் வந்து என் இலையிலும் சோற்றைப் பரத்திக் குழி செய்து ஆணத்தை விட்டாள். ஒரு வாய் வைத்தேன். உப்பு நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மிளகாய் உறைப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள், நினைக்கட்டும். குறை ஒன்று கிடைக்காதா என்று நண்டுக் காலைக் கடித்துக் கடித்துத் தேடினேன். மல்லியை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம், அவ்வளவுதான். மற்றப்படி ருசி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுசோறும் கேட்டேன்.

தர்சினி கைப்பேசியை நீட்டினாள். கடைகளில் சாப்பிட்டவர்கள் எப்படி இருந்தது என்று எழுதி நட்சத்திரம் போடுவார்களாம். "அம்மம்மா, நீங்க சொல்லுங்க. நான் எழுதுறன். சாப்பாடு எப்பிடி?"

"இந்தச் சாப்பாட்டுக்கு நாலு வரி காணாது, புள்ள. நான் எழுதித் தாறன்" என்றேன். அதுதான் இது. இதை அவள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடப்போகிறாள். போடட்டும். உங்கள் பகிடியைக் கேட்டவர்கள் என் பக்கத்தையும் கேட்கட்டும்.

கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. அந்த நண்டுதான் உங்களைக் கொண்டுபோனதா? அல்லது நான் உப்பில்லாமல் ஊட்டியதால்தான் இவ்வளவு காலமாவது இருந்தீர்களா? டொக்டரிடம் கேட்டால் ஒரு பதில் சொல்வார். உங்களிடம், உப்பில்லாத பத்து வருசமா, செவ்வாய்க்கிழமைகளோடு நாலு வருசமா என்று கேட்டிருந்தால் எதை எடுத்திருப்பீர்கள்? எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் நீங்கள் இருக்கும்போது கேட்கவில்லையோ என்னவோ.

இங்கே தரைக்கு ஓடு பதித்து முடிந்துவிட்டது. கால் வைத்தால் வழுக்குகிறது. உங்கள் வயலில் இந்தப் போகம் கதிர் நல்லது என்று குத்தகைக்காரன் சொன்னான். நான் இப்போது கறிக்கு உப்புப் போடுகிறேன். முதல் நாள் கை கூடிப்போய் ஒருவரும் வாயில் வைக்க முடியவில்லை.

ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை தனியாக பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போவேன். அந்த மூலைக் கதிரையில் இருப்பேன். யாராவது இருந்தால் எழும்பும் வரைக்கும் வாசலில் நிற்பேன். நண்டுக் கறி கேட்பேன். பிறகு உங்களைப் பற்றி நான் கதை சொல்வேன். நீங்கள் குறட்டை விட்டு உங்கள் குறட்டைக்கே பயந்து எழும்பியது, பல்லைக் கழற்றி வைத்த இடம் தெரியாமல் மாட்டுத் தொழுவம் வரை தேடியது, எல்லாம். காக்கா சிரிப்பார். பரிமளம் துவாயால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிப்பாள். கடை குலுங்கும்.

பரிமளத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் தொழில் சமைப்பது, சமைத்தாள். காக்கா கேட்டதைச் சொன்னார். நேசத்தைக்கூட இந்த ஒரு தரம் விட்டுவிடுகிறேன். மன்னிக்க மாட்டேன் என்று நான் வைத்திருப்பது ஒரே ஒருவரை. தாலி ஏறிய நாளில் இருந்து அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கிளினிக்கில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைத்தான் சொல்ல வைப்பேன். இன்றைக்கு என் கையாலேயே எழுதுகிறேன், எல்லோரும் வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத,
பூபாலபிள்ளையின் பெண்சாதி.