எந்தப் பங்கு, டாக்டர்?

மாமாவுக்கு, மஸ்கட்டிலிருந்து உங்கள் மனைவி ரீட்டா வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? கடலூரில் மழை உண்டா?

எனக்குச் சின்ன இருமல் வந்தது, பயப்படாதீர்கள். லீவு கேட்க முடியாமல் போனிலேயே டாக்டர் தேடினேன். எல்லாருக்கும் ஐந்து நட்சத்திரம். பாராட்டெல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தது. கடைசியில் ‘ஆரோக்கிய ஜெனிபர், சிதம்பரம்’ என்ற பேரை நம்பிப் பணம் கட்டினேன்.

திரையில் வந்தது சின்னப் பெண். நிஜ டாக்டர்தானா, நம்ம பக்கத்துப் பெண்தானா என்று எனக்குச் சந்தேகம். “நீங்க எந்தப் பங்குக் கோயிலு? பூசை வைக்கிற சாமியாரு யாரு?” என்று குடைந்தேன்.

“அக்கா, மொதல்ல இருமல சொல்லுங்க.”

பேச்சை மாற்றுகிறாளே என்று விடாமல் கேட்டேன்.

“பூசைக்கு லேட்டா போனா எங்கம்மா இன்னிக்கும் திட்டுவாங்கக்கா, போதுமா?”

அப்போதுதான் நம்பினேன். அதற்குள் நேரம் முடிந்து திரை அணைந்துவிட்டது. மறுபடி பணம் கட்டித்தான் மருந்து கேட்டேன். அதையும் மருந்துக் கடைக்காரரிடம் சரிபார்த்த பிறகே விழுங்கினேன்.

என்னோடு அறையில் இருக்கும் இளமதி லீவில் ஊருக்குக் கிளம்புகிறாள், இந்தக் கடிதத்தை அவளிடம் தருகிறேன். அவள் திரும்பும்போது நெத்திலிக் கருவாடும், நீங்கள் கட்டிய பழைய லுங்கி ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், தலையணைக்குப் போட.

ஞாயிற்றுக்கிழமைக்கும் டாக்டருக்குப் பணம் கட்டியிருக்கிறேன், திட்டாதீர்கள். இருமல் நின்றுவிட்டது. அதை டாக்டரிடம் மட்டும் சொல்லவில்லை.

ரீட்டா