தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கிய தப்பு

ஓசூர்,
செப்டம்பர் 4, வியாழக்கிழமை.

அன்புள்ள வினோதாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, உன் அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, அவர் போனின் முகப்பில் இருந்த, நான் வரைந்த நம் மாந்தோப்புப் படத்தை எடுத்துவிட்டுப் பழையபடி முருகனை வைத்தேன். இங்கே எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் ஒன்றுமில்லை, நீயும் அந்தப் போலந்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை. வீடியோவில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாதித் தலையை நீட்டுவார், அதனால்தான் காகிதம். ராகி மாவுப் பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன், உன் கைக்கு வரும்போது வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை எப்போதோ முடிந்திருக்கும், அதுவும் நல்லதுதான், நீ எனக்குப் புத்தி சொல்ல முடியாது.

எல்லாம் நீ சேர்த்துவிட்ட எட்டு வார ஆன்லைன் கோர்ஸால் வந்தது. செயற்கைக்கோள் படத்தை அலசும் உயர்நிலைப் பயிற்சி என்று பெயரைச் சொன்னதுமே அப்பா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவள் ஆகாசத்துக்குப் போகிறாளாம் என்று தன் கம்பெனி ஷிப்ட் ஆட்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு சாந்தம்மா இப்போதெல்லாம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஒருதரம் மேலே பார்த்து மாராப்பைச் சரிசெய்துகொள்கிறாள். சாந்தம்மா, உன் முழு வீடும் என் படத்தில் இரண்டே இரண்டு கட்டம், உன்னை அந்தக் கோளுக்குத் தெரியவே தெரியாது என்று எத்தனையோ தடவை சொன்னேன், அதெப்படிக்கா அவ்வளவு செலவு பண்ணி அனுப்பிட்டு ரெண்டு கட்டத்தோட நிறுத்துவாங்க என்கிறாள், அவள் நம்புவதாக இல்லை. கம்ப்யூட்டர் மட்டும் என்ன ஒழுங்கு, ஓசூரைச் சுற்றி ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கொட்டகை அத்தனையையும் ஏரி என்று நீலம் அடித்துக் கொடுத்தது, இத்தனை ஏரி இருந்தால் நான் ஏன் வாரம் இரண்டு தரம் டேங்கர்க்காரனுக்குப் போன் போட்டுக் கெஞ்சுகிறேன்.

மூன்றாம் வாரம், தெரிந்த இடம் ஒன்றை எடுத்துப் பயிர் எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று வரையச் சொன்னார்கள். இலை ஆரோக்கியமாக இருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அதை அளந்து நல்லதுக்குப் பச்சையும் கெட்டதுக்குச் சிவப்பும் போட வேண்டும். நான் வேப்பனப்பள்ளியில் என் பெயரில் இருக்கிற நம் தோப்பையே எடுத்தேன். மேகமில்லாத படமாகத் தேடினேன், போன நவம்பரில் ஒன்று கண்ணாடி மாதிரி இருந்தது. தோப்பு முழுக்க மயில்கழுத்துப் பச்சை. புனேயிலிருந்து பாடம் நடத்தும் பையன், உன்னைவிட இரண்டு வயது பெரியவனாக இருப்பான், பிரமாதம் என்று எழுதித் தொண்ணூற்றிரண்டு மார்க் போட்டான். அப்பா அதை நாற்பத்து மூன்று பேர் இருக்கிற குடும்பக் குரூப்பில் போட்டு, என் மிசஸ் விண்வெளியிலிருந்து எடுத்தது என்று எழுதினார். அதைக் கேள்விப்பட்டுக் குத்தகைக்காரர் ராஜ்குமார் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆறு வருஷமாகத் தோப்பு அவரிடம்தான் இருக்கிறது, வருஷா வருஷம் பூ நிறைய வைக்க வேரில் ஒரு மருந்து ஊற்றுகிறார், கிழக்குப் பக்கத்து அறுபத்திரண்டு மரமும் இளைத்துப்போகிறது என்று இரண்டு வருஷமாகவே எனக்கு ஒரு சந்தேகம், அதனால் குத்தகையை நீட்டாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் படத்தைப் பார்த்து, அக்காவோட சேட்டிலைட்டே சர்டிபிகேட் குடுத்துருச்சு, இன்னும் என்ன யோசனை என்றார். அப்பாவும் ஆமாம் என்றார், நானும் ஆமாம் என்றேன். இன்னும் ஐந்து வருஷத்துக்கு எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்க வருகிறார், வந்த கையோடு மறுபடி மருந்து ஊற்றுவார்.

போன வாரம் தோப்பில் வேலை பார்க்கும் மாதம்மாளுக்குப் போன் போட்டேன், பெருமை அடிக்கத்தான். கிழக்குப் பக்கம் நவம்பரில் எவ்வளவு பச்சை தெரியுமா என்றதும் அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அது மரமில்லக்கா, மரத்தடியில நான் வெதச்ச கொள்ளு, மேல இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும், மரத்து மண்டையில எலை எங்க இருக்குது, நீ காலேஜ் படிச்சவதானே என்றாள். படித்ததென்னவோ பி.எஸ்சி. தாவரவியல்தான். வானத்திலிருந்து பார்த்து அறுபத்திரண்டு மாமரத்துக்கும் கொள்ளுச் செடிக்கும் வித்தியாசம் தெரியாமல் மார்க் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் உட்கார்ந்து பங்குனி மாதத்துப் படங்களை மட்டும் இறக்கினேன். பங்குனியில் கொள்ளு இருக்காது, புல் காய்ந்துவிடும், நிலம் வெறும் மண்ணாகக் கிடக்கும், பச்சை என்று எது தெரிந்தாலும் அது மரம்தான். நம் தோப்பில் முப்பது அடிக்கு ஒரு மரம், படத்தில் ஒரு கட்டமும் ஏறக்குறைய அவ்வளவுதான், கட்டத்துக்கு ஒரு மரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு பங்குனியை வரிசையாக வைத்தால் கிழக்குப் பக்கம் வருஷத்துக்கு வருஷம் வெளுத்து, இந்த வருஷம் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் வெங்கடம்மாவின் தோப்பு, அதே மண், அதே மழை, யாருக்கும் குத்தகைக்கு விடவில்லை, ஏழு வருஷமும் பச்சையாகவே இருக்கிறது. மருந்துதான் காரணம் என்று படம் சொல்லாது, இளைத்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். மிச்சத்தைச் சொல்ல எனக்கு மூளை இருக்கிறது, கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், மாதம்மாள் சொல்லி எட்டு நாள் ஆகிறது, எட்டு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் அப்பா நாலு பேர் முன்னால் என்னைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. என் ரசத்தைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பச்சைப் படம் தப்பு என்று சொன்னால் புகழ்ச்சியும் கூடவே போய்விடும், குரூப்பில் நாற்பத்து மூன்று பேரும் சிரிக்கிற பொம்மையாக அனுப்புவார்கள். ஒரு படத்துக்கு மயங்கி அறுபத்திரண்டு மரத்தைக் கொடுக்க இருந்தேன் என்று நினைத்தால் என் மேலேயே எனக்குக் கடுப்பாக வருகிறது.

சரி, குளிர் ஆரம்பிக்கும் முன்னால் நல்ல சாக்ஸ் வாங்கு. ராகி மாவை அலமாரியில் காட்சிக்கு வைக்காமல் களி கிண்டிச் சாப்பிடு, கட்டி விழுந்தாலும் பரவாயில்லை. கல்யாணம் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, அதற்கு அப்பா தனியாகப் பேசுவார், அப்போது சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொள். எந்த ஊரில் இருந்தாலும் நீ நிறைந்த ஆயுசோடும் கெடாத சிரிப்போடும் இருக்க வேண்டும்.

இனி சொல்லப்போவது அப்பாவுக்கும் தெரியாது, மாதம்மாளுக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ராஜ்குமார் வந்ததும் காபி கொடுத்து, ஏழு பங்குனியையும் மேசைமேல் பரப்பி, நான் போட்ட படம் தப்பு என்று என் வாயாலேயே சொல்லி, அதையே குரூப்பிலும் எழுதிவிட்டு, கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடப்போகிறேன். தோப்பை யார் பார்ப்பது என்று அப்பா கேட்பார். வாரத்தில் மூன்று நாள் காலை பஸ்ஸில் நான் போகப்போகிறேன், மருந்தில்லாமல் மரம் தேறுகிற வரை இரண்டு வருஷம் காய்க்காமல் கிடந்தாலும் கிடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மாதேஸ்வரி.