தம்பியிடம் யார் சொல்வது

ஜூலை 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் தம்பிக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. நான் கத்துகிற கத்தலில் எங்களுக்குள் தினமும் சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரி நினைக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும். மிருதங்கத்துக்கு அவர் சுருதி சேர்ப்பதைத்தான் பார்க்க முடியவில்லை. கல்லால் தட்டித் தட்டி, "இப்ப சேந்துடுச்சு" என்று நிமிர்வார். சேர்ந்திருக்காது. மேடையில் பாட்டுக்காரர் தாளம் போடுகிற கையைப் பார்த்துத்தான் வாசிக்கிறார். அந்த மனுஷனும் இவர் கண்ணில் படட்டும் என்று தொடையை அறைந்து அறைந்து பாடுகிறார், பாவம்.

தனி ஆவர்த்தனம் என்றால் கூட்டம் காபி குடிக்க எழுந்து போகும். உங்கள் தம்பி வாசித்தால் மட்டும் காபிக்குப் போனவர்கள் திரும்பி ஓடி வருவார்கள். அப்படிப்பட்டவர் அண்ணி.

போன வாரம் பாட்டுக்காரர் வீட்டுக்கே வந்தார். இவர் குளிக்கப் போன சமயம் பார்த்து, "அக்கா, வெளியில பேச ஆரம்பிச்சுட்டாங்க. அண்ணன் தானா நிறுத்திக்கிட்டா ராஜா மாதிரி இருக்கும். நான் சொன்னா என் நாக்கு அழுகிடும், நீங்க சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். "சுருதின்னா என்னன்னு தெரியுமாடி உனக்கு?" என்றார். டாக்டர் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

அடுத்த மாதம் அவருக்குப் பெரிய விருது. அன்றைக்குக் கச்சேரியும் உண்டு. நீங்கள் கிழித்த கோட்டைத் தாண்டாத மனுஷன். அதற்குள் வந்து சொல்லிவிடுங்கள், அண்ணி. அத்தனை பேர் முன்னால் அவர் மானம் போகக் கூடாது.

உங்கள் தம்பி மனைவி


ஜூலை 15

என் அருமைத் தம்பி மனைவிக்கு,

முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது, மறைப்பானேன். பிறகு யோசித்தேன். போன தடவை வந்தபோது நான் கேட்டது ஒன்று, அவன் சொன்ன பதில் ஒன்று. பெரிய மனுஷனாகிவிட்டான், மதிக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெஞ்சில் தாளம் போட்டதற்கு அவனை வகுப்பை விட்டு வெளியே அனுப்பிய டீச்சரும் நான்தான். அன்று சாயங்காலமே அப்பாவோடு மல்லுக்கு நின்று மிருதங்கம் வாங்க வைத்தவளும் நான்தான். என்னால் முடியாததா? கச்சேரிக்கு முந்தின நாள் வந்துவிடுவேன். அதுவரை நீ வாயைத் திறக்காதே.

உன் அண்ணி


ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ஆனாலும் நீங்கள் இப்படிச் செய்யலாமா?

கச்சேரிக்கு முந்தின நாள் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, சேந்திருக்கா? நீ சொல்லு" என்று அவரே கேட்டார். தெய்வமே வாய்ப்பைக் கொடுத்துவிட்டது என்று கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என்னடாவென்றால், "ரொம்ப நல்லா சேந்திருக்குடா" என்கிறீர்கள்! பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அப்புறம் நடந்ததை நீங்களும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்கள். பாட்டுக்காரர் பாடி முடித்துக் கைகூப்பிவிட்டார். இவர் குனிந்த தலை நிமிராமல் வாசித்துக்கொண்டே இருந்தார். ஜனங்கள் நல்லவர்கள், கைதட்டியே மூடி மறைக்கப் பார்த்தார்கள். நிமிர்ந்தவர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக வாசித்தார். கடைசியில் பாட்டுக்காரர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. அதையும் பாராட்டு என்று நினைத்து உங்கள் தம்பி சிரித்தார். எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலாம் போலிருந்தது.

"பாத்தியா, ஜனங்க என்னை நிறுத்தவே விடல" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


செப்டம்பர் 3

என் கண்ணே,

என்ன திட்டினாலும் தகும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காதால் அல்ல, கண்ணால் என் பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்து எப்படியடி சொல்வது? அவ்வளவுதான் என் வீரம். என்னால் ஆகவில்லை.

உன் அண்ணி


டிசம்பர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. "எனக்குக் காது கேக்கலடி" என்றார். அப்பாடா, இனி டாக்டரிடம் போகலாம், கௌரவமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் பேசி முடிக்கவில்லை.

"போன் அடிச்சிருக்கும், எனக்குக் கேட்டிருக்காது. நீதானே எடுத்திருப்ப? இந்த மார்கழிக் கச்சேரிக்கு யார் யார் கூப்பிட்டாங்க?"

ஒருத்தரும் கூப்பிடவில்லை அண்ணி. பாட்டுக்காரருக்கே இப்போது வேறொருத்தர்தான் வாசிக்கிறார்.

"எல்லாரும்தான் கூப்பிட்டாங்க. அவருக்கு உடம்பு சரியில்ல, வரமாட்டார்னு நான்தான் சொல்லிட்டேன்" என்று கத்திச் சொன்னேன். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது. "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி பாவி" என்று ஆடித் தீர்த்துவிட்டார். என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. குடிக்காவிட்டால் போகிறது. கோபத்தில் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறார்.

உங்களுக்குப் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். பதிலில் எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை எழுதிவிடாதீர்கள். குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்று நன்றாகத் திட்டுங்கள். உங்களிடம்கூட நாலு பேர் அவரைக் கேட்டு வந்ததாகச் சேர்த்து எழுதுங்கள். அவர் அதை உரக்கப் படித்துக் காட்டுவார். நான் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி