கம்பி வேலிக்குள் இரண்டு நாள் கிடை

ஆடி 14, வியாழக்கிழமை

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, பசு, புதிதாகப் பிறந்த கன்று நான்கு பேரும் சுகம். நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வீரனாரை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் முக்கால் மணி நேரம் வீடியோவில் பேசினோமே, அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை ஒன்றாம் தேதி ராம்கி தம்பி உன் ஆராய்ச்சிக்கு மாதாமாதம் அனுப்பும் மண்ணை எடுத்துப்போக வரும்போது கொடுத்தால் தஞ்சாவூரில் தபாலில் சேர்த்துவிடுவான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நீ அனுப்பிய உறையை மாட்டிக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போகிறாள், சேலைக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். வாய்க்காலில் தண்ணீர் நம் கடைமடைக்கு இந்த வாரம்தான் எட்டிப்பார்த்தது, ஆடிப் பதினெட்டுக்குள் வந்ததே பெரிது. கன்று கிடாரி, நெற்றியில் வெள்ளை. ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் மண் கவரை வைக்காதே என்று அம்மா இந்த மாதமும் சண்டை போட்டாள், நானும் வழக்கம்போல வைத்தேன். இதையெல்லாம் எழுதி விஷயத்தைத் தள்ளிப்போடுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ மூன்று வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்து நம் திடலில் பாதியைக் கம்பி வேலி போட்டு அடைத்தாயே, அப்போது நீ சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. வேலிக்குள் ஆடு மாடு எதுவும் வாய் வைக்கக் கூடாது என்றாய். வேலிக்கு வெளியே வழக்கம்போல அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்திலிருந்து வரும் மருதையன் கீதாரியின் செம்மறிகள் சில நாள் மேய்ந்து, ராத்திரி அங்கேயே கிடையில் படுத்துப் போகட்டும், பிறகு புல் தழையும்வரை எதுவும் வேண்டாம் என்றாய். மூன்றாவதாக, மாடுகள் எந்நேரமும் கட்டிக் கிடக்கும் பூவரசடி. மூன்று இடத்திலும் மாதம் ஒருமுறை மண் எடுக்க வேண்டும், என் பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டு துண்டாகப் புதைத்து இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எங்கே அதிகமோ அங்கே துணி அதிகமாகத் தின்னப்பட்டிருக்கும் என்றாய். எல்லாம் சரியாகத்தான் சொன்னாய். ஆனால் வேலி போட்டது நீ, கம்பியைக் கையில் பிடித்து முறுக்கியது நீ. அதனால் உள்ளே இருப்பது உன் மண், வெளியே இருப்பது ஊரார் மண் என்று என் புத்தியில் பதிந்துவிட்டது.

உன் மண் தோற்றுக்கொண்டே இருந்தது மலர். பூவரசடியில் மாட்டுக் குளம்பு பட்டுப் பட்டுத் தரை சிமெண்டு போட்டதுபோல் இறுகிவிட்டது, மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கும், அங்கே துணி முழுசாக வரும். அது எனக்கும் புரிந்தது, ஒரே இடத்தில் எந்நேரமும் மிதித்தால் எந்த மண்தான் தாங்கும். ஆனால் வேலிக்குள் யாரும் மிதிக்கவே இல்லை. அப்படியும் பழைய புல் முற்றிச் சாய்ந்து, நரைத்து, அடியில் புதுக் குருத்து வர வழியில்லாமல் கிடந்தது. துணி ஓரத்தில் மட்டும் அரித்து, நடுவில் என் சலவைக் குறி அழியாமல் வந்தது. வெளியே, ஆடு ஆறு நாள் மேய்ந்து போன இடத்தில், கோடை மழைக்குப் பிறகு பார்க்க வேண்டுமே, கையால் கிண்டினால் மண் பொலபொலவென்று உதிரும், துணியில் நாலு நூல்தான் மிச்சம். டீக்கடை மதிவாணன் திடலோரம் போகும்போதெல்லாம், "என்னங்க, வெளிநாட்டுல படிக்கிற பொண்ணு மண்ணு இப்படி சோப்ளாங்கியா கிடக்கு" என்பான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்கு விளையாட்டாக இல்லை.

இந்தப் பங்குனியில் மருதையன் வெளித் திடலில் ஆறு நாள் கிடை முடித்துவிட்டுக் கிளம்புகிற நேரம், நான் போய் வேலிக் கதவைத் திறந்தேன். இரண்டு நாள் இதற்குள் போடு என்றேன். அவன் நின்றுவிட்டான். "பாப்பா வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்குல்லண்ணே, அது காரணமில்லாம சொல்லாது" என்றான். ஆடு மேய்க்கிறவனுக்குத் தெரிந்தது உன் அப்பனுக்குத் தெரியவில்லை. "நீ ஓட்டுய்யா, என் மக நிலம், நான் பாத்துக்கிறேன்" என்று அதட்டினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஓட்டிவிட்டான். பங்குனி ஒன்பதும் பத்தும் ஆடுகள் உள்ளே இருந்தன. காய்ந்த புல்லை எல்லாம் கடித்து, மிதித்து மண்ணோடு சேர்த்து, புழுக்கையும் மூத்திரமுமாகப் போட்டுவிட்டுப் போயின. சித்திரையில் இரண்டு மழை விழுந்ததும் உள்ளே பச்சை பிடித்தது. வைகாசிக் கடைசியில் தோண்டினால் என் வேட்டித் துண்டு சல்லடையாக வந்தது. அதைக் கொண்டுபோய் மதிவாணன் கடையில் விரித்துக் காட்டிவிட்டு வந்தேன் என்றால் பார்த்துக்கொள். ராம்கியிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். "மூணு வருஷமா தூங்குன மண்ணு தானா முழிச்சிருச்சுப்பா" என்று சொல்லும்போது உன் குரல் உடைந்தது. உன் பேராசிரியரே நம்பவில்லை என்றும், அக்டோபரில் பல தேசத்துக்காரர்கள் கூடும் சபையில் உன்னை இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னாய். அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. உடனே நீ கேட்டாய், "வேலிக்குள்ள எதுவும் போகலையேப்பா" என்று. ஒரு கோழிகூடப் போகவில்லை என்று சொன்னேன். நீ அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்பா சொன்னால் சரி என்று விட்டுவிட்டாய். திறந்துவிட்டது முட்டாள்தனம், அதைச் சொல்லிக்கொள்ள வெட்கம் மட்டும்தான். ஆனால் உன்னிடம் அப்படிச் சொன்னதை நினைத்தால் நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அம்மாவிடம் நேற்று சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அத்தனை பேரு முன்னாடி அது எந்திரிச்சு நின்னு பேசும், நீங்க சொன்னத நம்பிப் பேசும்" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். பிறகு அவள்தான் ஞாபகப்படுத்தினாள். நீ எட்டாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் ஆசிரியர் கூட்டல் தப்பாகப் போட்டு நான்கு மார்க் அதிகம் கொடுத்திருந்தார். நீ அதை என்னிடம் காட்டிச் சிரித்தாய். நான் உன்னைச் சாப்பிடக்கூட விடாமல், திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று மூன்று கிலோமீட்டர் நடத்தி அனுப்பினேன். அந்த நான்கு மார்க்கில் உனக்கு முதல் ரேங்க் போயிற்று. வழியெல்லாம் அழுதுகொண்டே போனதாகப் பிறகு சொன்னாய். அப்போது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. இப்போது அந்த வழி எவ்வளவு தூரம் என்று தெரிகிறது.

அதனால் நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன், உனக்கு எது தேவைப்படுமோ எனக்குத் தெரியாது. மருதையனிடம் போனில் கேட்டேன், ஆடுகள் இருநூற்றுப் பதினான்கு, குட்டிகள் நீங்கலாக. பங்குனி ஒன்பது பொழுது சாய உள்ளே போனவை பதினொன்று காலையில் வெளியே வந்தன. வேலிக்குள்ளேயே வடகோடியில், ஒற்றைப் பனை ஓரமாகப் பத்தடி அகலத்துக்கு அவன் கிடையைச் சுற்றிக் கட்டிய வலை எட்டவில்லை, அந்தத் துண்டில் மட்டும் ஆடு படுக்கவும் இல்லை மேயவும் இல்லை, நரைத்த புல் அப்படியே நிற்கிறது. அங்கே குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறேன். அது உனக்கு உதவும் என்று நான் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். உன் பேராசிரியரிடம் தோட்டத்து ஆள் செய்த தவறு என்று பூசி மெழுகாதே, அப்பா செய்தது என்றே சொல்லிவிடு. பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மண்ணுக்கு நான் பிட் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான். என் மகள் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். தோற்றாலும் அது உனக்கு வேண்டிய விஷயம்தான் என்று எனக்குப் புரியவே இல்லை. நீ அத்தனை தடவை சொல்லியும் புரியவில்லை, இந்த மரமண்டையை மன்னித்துக்கொள்.

மூன்று வருஷ உழைப்பு வீணாகிவிட்டதா, கொஞ்சமாவது தேறுமா என்று நீ சொல்லும்வரை எனக்கு நிம்மதி இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றாலும் சரி, இன்னும் மூன்று வருஷம் நான் மண் எடுத்துத் தருகிறேன், கிழிக்க வேட்டி இருக்கிறது. வேலிக்குப் புதுப் பூட்டு வாங்கிவிட்டேன். சாவி அம்மாவிடம். அவள் என்னிடம் தர மாட்டேன் என்கிறாள், அதுவும் நியாயம்தான்.

நீ மனசு உடைந்து சாப்பிடாமல் இருந்துவிடாதே. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே குளிர் என்று சாக்குச் சொல்லாதே, வெந்நீர் வருகிறதல்லவா. ராம்கியைக் கோபித்துக்கொள்ளாதே, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. நல்ல உடம்பும் நல்ல பேரும் பெற்று, தலைநிமிர்ந்து நடக்க அம்மாவும் நானும் மனமார ஆசீர்வதிக்கிறோம்.

இன்று காலையில் வேலிக்குள் மண் எடுத்துக் கவரில் போட்டாயிற்று. மூன்று வருஷமாக அந்தக் கவரின் மேல் உள்ளே என்று ஒரு வார்த்தைதான் எழுதுவேன். இந்தத் தடவை, உள்ளே, பங்குனி 9, 10 ஆட்டுக்கிடை கட்டியது, கட்டியவர் கோவிந்தராசு என்று அழியாத மார்க்கரில் எழுதி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ராம்கி அதைப் படித்துவிடுவான், அதற்குப் பிறகு நான் மாற்றிப் பேச முடியாது. கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. திட்டுவதற்கு என்றாலும் பண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா
கோவிந்தராசு