அடிமதகு

பிப்ரவரி 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நலம். நீ மீன் ஆராய்ச்சி என்று மலையேறி மூன்று மாதம் ஆகிறது. குக்கர் என் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி வீட்டில் குறையொன்றும் இல்லை.

உன் கடிதம் வந்தது. மீனைப் பற்றி ஒரு பக்கம், அணைக்குப் புதிதாக வந்த பொறியாளரைப் பற்றி ஒன்றரைப் பக்கம், எனக்கு மட்டும் கடைசியில் ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’. அவர் உன் முகாமுக்கு ஹீட்டர் அனுப்பினார், ஆற்றுக்குள் இறங்கி வந்து பார்த்தார், சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறார். நானும் அந்த அணையில் ஆறு வருடம் குப்பை கொட்டியவன்தான். எனக்கும் காது இரண்டு உண்டு.

அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? சும்மா கேட்டேன்.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 20

அன்புள்ள இஞ்சினியர் ஐயாவுக்கு,

ஆகிவிட்டது. இரண்டு பெண் குழந்தைகள். போதுமா?

இப்போது என் சேதியைக் கேளுங்கள். அணைத் தண்ணீரெல்லாம் சுரங்கக் குழாய் வழியாக மின்நிலையத்துக்குப் போய்விட, அணைக்குக் கீழே ஆறு வெறும் பாறையாய்க் கிடக்குமே, ‘கல்குவாரி’ என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அங்கே தண்ணீர் ஓடுகிறது. மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கி, அடிமதகை ஒரு சாண் திறந்துவிட்டிருக்கிறார்.

“ராத்திரி ஊரே தூங்குறப்ப மிஷினைக் கொஞ்சம் கொறைச்சு ஓட்டினா, மதகுல விடுற அளவுக்குத் தண்ணி அணையில மிச்சமாயிடும். பகல் கரண்டுக்குக் குறை வராது. மீனுக்கு எவ்வளவு வேணும்னு மட்டும் சொல்லுங்க மேடம்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மீன்கள் ஏறி வந்துவிட்டன. கூழாங்கல் இடுக்கெல்லாம் முட்டை. குஞ்சு பொரிக்கும்வரை, ஒரு மாதம் போல, தண்ணீர் நிற்கவே கூடாது. முழங்கால் தண்ணீரில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதையேதான் உங்களிடமும் கேட்டேன். ‘ஒவ்வொரு சொட்டும் கரண்டு, உன் மீனுக்கு வேற ஆறு பாத்துக்கச் சொல்லு’ என்று சிரித்தீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை நடுப்பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன்.

உங்கள் மீன்காரி


மார்ச் 1

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

ஆறு வருடம் நான் முடியாது என்றதை அவர் ஒரே மாதத்தில் முடித்துவிட்டார். கெட்டிக்காரர். ஆனால் எந்த அணை எப்போது எவ்வளவு மின்சாரம் எடுக்க வேண்டும் என்று இன்று உத்தரவு போடுகிற நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். அனுமதி கொடுத்தவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று உன் அக்கா வந்திருந்தாள். “இப்பத்தான் அவ சந்தோஷமா எழுதறா” என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னோடு அந்தக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது எந்த மீனுக்காகவும் நீ என் எதிரில் அழுததில்லை. அவர் அப்போது பக்கத்தில் நின்றாரா?

இங்கே வெயில் ஏறுகிறது, மின்தேவையும் ஏறுகிறது. நீ வந்துவிடு. முட்டையை மீனே பார்த்துக்கொள்ளும்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 12

உங்களுக்கு,

திங்கட்கிழமை கட்டுப்பாட்டு அறையில் தண்ணீர் அளவு குறித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பொறியாளர் கையில் கிரீஸ், அதனால் ஸ்பீக்கரில் போட்டார். உங்கள் குரல். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

“அடிமதகை மூடுங்க. முழு உற்பத்தி வேணும்.”

“சார், பக்கத்து அணையில ஒரு மிஷின் சும்மாதானே நிக்குது? அதை ஓட்டலாமே. இங்க முட்டை இருக்கு சார், பத்து நாள் பொறுத்தா போதும்.”

“நான் சொன்னதைச் செய்ங்க.”

அதோடு வைத்திருந்தீர்களானால், ஊருக்காகச் செய்தீர்கள் என்று இன்றைக்கும் நம்பியிருப்பேன். வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, “அவ அங்கதான் இருக்காளா?” என்று கேட்டீர்கள்.

அவர் என்னைப் பார்த்தார். இல்லையென்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினேன். “இல்ல சார்” என்றார்.

அவரும் நானும் சேர்ந்து மறைத்தது அது ஒன்றுதான். அதுவரை எங்களுக்குள் எதுவுமே இருந்ததில்லை. அதைக்கூட நீங்கள்தான் உண்டாக்கிக் கொடுத்தீர்கள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் பாறை காய்ந்துவிட்டது. வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றிப் பார்த்தேன். அவரும் மின்நிலையத்து ஆட்களும் கூடச் சுமந்தார்கள். முட்டை வெளுத்துவிட்டது. தொட்டால் தோலாக ஒட்டுகிறது.

வேறு செய்தி இல்லை.


ஏப்ரல் 2

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். மன்னிப்பு என்று எழுதினால் நீ அடுத்த வரியைப் படிக்கமாட்டாய் என்று தெரியும்.

மதகைத் திறக்கச் சொல்லிவிட்டேன். அதோடு நிற்கவில்லை. தலைமைப் பொறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போன் பேசியதையும் சேர்த்து. முட்டையிடும் பருவத்தில் அடிமதகை யாரும் போனில் மூட முடியாது என்று எழுத்தில் உத்தரவு வந்துவிட்டது. நகல் இணைத்திருக்கிறேன். இந்த நாற்காலியில் நானே இருந்தாலும் முடியாது.

இந்த மாதக் கடைசியில் வருவாயா? ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அங்கே அணைப் பொறியாளர் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 15

உங்களுக்கு,

உத்தரவைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது, ஓட்டை எதுவும் இல்லை. தண்ணீரும் வந்துவிட்டது. மீன்தான் இல்லை. இந்த வருஷம் இனி ஏறாது. அடுத்த வருஷம் ஏறுமா என்று இருந்து பார்த்தால்தான் தெரியும்.

நீங்கள் கேட்டவர் இங்கே இல்லை. தானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு, போன வாரம் மனைவி, குழந்தைகளோடு கிளம்பிவிட்டார். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஹீட்டரை மட்டும் ஆபீஸ் கணக்கில் திருப்பி எழுதச் சொன்னார்.

முகாமில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். ஆனாலும் வரவில்லை. என் புத்தகங்களையும் குளிர் உடுப்புகளையும் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். அனுப்பி வைப்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.